ஆல்டோவா, சீஸரா?

பூமியே வெடித்துச் சாம்பலாகிவிட்டது. அதற்கு மேல் என்ன கதை சொல்ல முடியும்? 1970-இல் வந்த 'பெனீத் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' இப்படித்தான் முடிந்தது. ஆனால் படம் ஓடிவிட்டது. ஃபாக்ஸ் நிறுவனம் அடுத்த பாகம் கேட்டது. எழுத்தாளர் பால் டென் ஒரு வழி கண்டுபிடித்தார். பூமி அழியும் முன்பே மூன்று சிம்பன்சிகள் விண்கலத்தில் ஏறித் தப்பி, காலத்தில் பின்னோக்கி வந்து, 1973-ஆம் ஆண்டின் கலிஃபோர்னியாக் கடலில் இறங்குகின்றன. 1971-இல் வந்த 'எஸ்கேப்' படம் அங்கே தொடங்குகிறது.

கணக்குப் பார்க்கும் ரசிகன் சும்மா இருப்பானா? அந்த விண்கலம், விண்வெளி வீரன் டெய்லர் வந்த கலம், 1968-இன் முதல் படத்திலேயே ஏரியில் மூழ்கிவிட்டது. டெய்லர் காகிதத்தில் மடித்துப் பறக்கவிட்ட விமானத்தைப் பார்த்து வாய்பிளந்த சிம்பன்சி கார்னீலியஸ், இப்போது விண்கலத்தில் வந்து இறங்குகிறான். உடன் வந்த அறிஞர் மைலோதான் கலத்தை மீட்டுச் சரிசெய்தார் என்று படம் ஒரு வரியில் கடந்துவிடுகிறது. டெய்லரின் கலத்தில் 3978 என்று காட்டிய ஆண்டு, அவனைத் தேடி வந்த பிரெண்ட்டின் கலத்தில் 3955 ஆகிவிட்டது. இவற்றுக்கெல்லாம் சமாதானம் தேட வேண்டாம் என்பேன். கதை உள்ளே வர ஒரு வாசல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

விட்டுவிட முடியாத முரண்பாடு வேறு. 'எஸ்கேப்'பில் விசாரணை அதிகாரிகளிடம் கார்னீலியஸ் தன் இனத்தின் வரலாற்றைச் சொல்கிறான். கொள்ளைநோயில் நாய், பூனை எல்லாம் மடிந்தன. மனிதர்கள் குரங்குகளைச் செல்லப்பிராணிகளாக வளர்த்தார்கள், பிறகு அடிமைகளாக்கினார்கள். நூற்றாண்டுகள் கழித்து ஆல்டோ என்ற குரங்கு முதன்முதலாக 'முடியாது' என்றது. ஆனால் அடுத்த படமான 'கான்க்வெஸ்ட்'டில் கொள்ளைநோய் 1983-இல் வருகிறது. 1991-இலேயே குரங்குகள் அடிமைகள். நூற்றாண்டுகள் எட்டு வருஷமாகச் சுருங்கிவிட்டன. கிளர்ச்சிக்குத் தலைவன், கார்னீலியஸ்-ஜீரா தம்பதியின் மகன் சீஸர். 'முடியாது' என்ற சொல்லோ லீசா என்ற பெண் சிம்பன்சியின் வாயிலிருந்து வருகிறது.

காலம் ஒரே வட்டம் என்பவர்கள் சொல்லும் விளக்கம் சுலபமானது: கார்னீலியஸ் படித்த வரலாற்று ஏடுகள் பொய். உண்மையை மறைப்பதுதானே முதல் படத்தில் ஒராங்குட்டான் ஜேயஸின் வேலை! அதுபோல் சீஸரின் பெயரையும் யாரோ அழித்திருக்கலாம். நல்ல வாதம்தான். ஆனால் இந்தப் படவரிசைக்குள்ளேயே இன்னொரு திறவுகோல் இருக்கிறது. காலம் எண்ணற்ற தடங்கள் கொண்ட நெடுஞ்சாலை. தடம் மாறினால் எதிர்காலமும் மாறும். கார்னீலியஸும் ஜீராவும் வந்து இறங்கியதே அந்தத் தடமாற்றம் என்றால், எட்டு வருஷக் கணக்கு பிழையாகத் தெரியாது. தடம் மாறியதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

1973-இன் 'பேட்டில்' படத்தில் ஆல்டோ என்ற பெயர் திரும்ப வருகிறது. இம்முறை அவன் கொரில்லாத் தளபதி. சீஸரின் மகனைக் கொல்கிறவன். ஒரு தடத்தில் விடுதலையின் முதல் சொல்லுக்கு உரிய பெயர், இன்னொரு தடத்தில் பிள்ளையைக் கொன்றவனின் பெயர்.

கடைசிக் காட்சி நடப்பது 2670-இல். ஒராங்குட்டான் ஆசான் கதை சொல்ல, மனிதக் குழந்தைகளும் குரங்குக் குழந்தைகளும் கலந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். பின்னால் சீஸரின் கற்சிலை. அதன் கண்ணிலிருந்து ஒரு துளி கண்ணீர் இறங்குகிறது. படம் விளக்கம் சொல்வதில்லை. பூமி வெடிக்கும் 3955-க்கு இன்னும் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்கிறது, அதற்குள் இந்த உறவு முறியப் போகிறது என்று சிலை அழுகிறதாம், வட்டக் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் படத்தில் கூண்டுக்குள் பேச்சற்றுக் கிடந்த அந்த மனித இனத்தின் பிள்ளைகள் இங்கே சம்மணமிட்டு, வாய்விட்டுக் கேள்வி கேட்கிறார்கள்.