பைக் வாங்கித் தந்தால் கஞ்சா நிற்குமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியிலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போன பையன்களில் சிலர், ஊர் திரும்பும்போது தங்களுக்குத் தாங்களே பேசிக்கொண்டு வருகிறார்கள். சுவருக்குப் பின்னால் யாரோ தங்களைத் திட்டுவதாகச் சொல்கிறார்கள். சோற்றில் என்னமோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறார்கள். கூடவே சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலம். அதற்குப் பிறகு வீட்டார் செய்வதை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். வரிசை மாறுவதே இல்லை. முதலில் காத்து கருப்பு என்று மந்திரிப்பு. அடுத்து, "கஞ்சாவை விட்டுடு, பைக் வாங்கித் தரேன்" என்ற பேரம். அது பலிக்காவிட்டால் ஒரு கால்கட்டு. ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். கடைசியில், ராத்திரி நாலு பேர் காரில் வந்து அமுக்கித் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு மையம்'. மனநல டாக்டர் ஐந்தாவதாகத்தான் வருகிறார்.

வேடிக்கை என்னவென்றால், பைக் பேரத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. போதைப் பழக்கத்துக்குப் பரிசு கொடுத்துச் செய்யும் சிகிச்சை நிஜமாகவே உண்டு. ஆனால் அதன் கணக்கே வேறு. பரிசு சிறியதாக இருக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா இல்லை என்று தெரிந்த அன்றைக்கே கைக்கு வர வேண்டும். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் வாராவாரம் கொஞ்சம் கூடும். ஒரு வாரம் தவறினால் மறுபடி முதல் படியிலிருந்து. ஆறு மாதம் கழித்து வரப்போகும் பைக்குக்கு இதில் வேலையே இல்லை. இன்று மாலை கூப்பிடும் பொட்டலத்தோடு அடுத்த பொங்கலுக்கு வரும் வண்டி போட்டி போட முடியாது. மீறி வாங்கிக் கொடுத்தால் அது அடகுக் கடைக்குப் போகும், இல்லை நெடுஞ்சாலையில் உயிரை வாங்கும்.

மனநோயும் கஞ்சாவும் சேர்ந்தவர்களிடம் இந்த முறையை இங்கிலாந்தில் பெரிய அளவில் சோதித்தார்கள். மனப்பிறழ்வின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 551 பேரைச் சேர்த்து, அதில் ஒரு பிரிவினருக்கு 12 வாரம் பரிசோதனை செய்து, அதிகபட்சம் 240 பவுண்டு வரை கடைக் கூப்பன் கொடுத்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. கூப்பன் வாங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறிப்பிடத்தக்க அளவில் தள்ளிப்போகவில்லை. ஆகவே பரிசு என்பது கைத்தாங்கல்தான். மனநோய் மருந்தை அது ஈடுசெய்யாது. இதை மறுபடியும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை: பரிசுக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கஞ்சா பிடித்துவிட்டான் என்ற கோபத்திலும் மாத்திரையையோ சோற்றையோ நிறுத்தாதீர்கள். பரிசைத்தான் நிறுத்தலாம்.

இன்னொன்று. மெடிக்கல் ஷாப்பில் பரிசோதனைப் பட்டை வாங்கி வந்து, முதல் வாரமே 'பாசிட்டிவ்' என்று பையனை அடிக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். தினமும் புகைத்தவன் அடியோடு நிறுத்திய பிறகும் சில வாரங்கள் சிறுநீரில் கஞ்சா தெரியும். அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். பரிசுக் கணக்கை எப்போது தொடங்குவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பீடி, சிகரெட்டையும் சேர்த்து ஒரேயடியாக நிறுத்தினால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். ஓலன்சபின், குளோசபின் என்ற மனநோய் மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்.

எங்கே போவது? ஊத்தங்கரை அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்றைக்கு வருகிறார் என்று கேளுங்கள். இல்லையென்றால் நேராக கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஓசூரில் இருப்பவர்களுக்கு, பெங்களூரில் அதே ஓசூர் ரோட்டின் மேல் நிம்ஹான்ஸ் இருக்கிறது. போதை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. போனில் கேட்க மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

"போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்று பயந்தே பாதிப்பேர் போவதில்லை. 2017 மனநலச் சட்டப்படி போதையால் வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோய்தான். சிகிச்சை விவரம் ரகசியம். கேஸ் ஏற்கெனவே ஆகியிருந்தாலும் வழி இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை எத்தனை ஸ்டேஷனில் சொல்லியிருப்பார்கள்? நான் கேட்டதில்லை. பயன்படுத்திய குற்றமோ, சிறிய அளவு (கஞ்சாவில் 1 கிலோ வரை) சம்பந்தப்பட்ட குற்றமோ சுமத்தப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். இந்தி நடிகர் ஃபர்தீன் கான் 2001-இல் கோகெய்ன் வழக்கில் கைதாகி, சிகிச்சை முடித்து, 2012-இல் இந்தப் பிரிவில்தான் வழக்கிலிருந்து வெளியே வந்தார். ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். அங்கீகாரமில்லாத மையத்துச் சீட்டு கோர்ட்டில் செல்லாது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், தொலைபேசி 15100.

தூக்கிப்போகும் மையங்களைப் பற்றி. பையனின் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தால், அவனுடைய நியமனப் பிரதிநிதி (அவன் சார்பில் பேச அவனே நியமித்த ஆள்) எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு மனநல டாக்டரும் இன்னொரு டாக்டரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். முதல் கட்டத்தில் 30 நாள்தான் உச்சவரம்பு. நியமனம் செய்ய முத்திரைத்தாள் வேண்டாம். அவன் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், வெள்ளைத்தாளில், கையெழுத்தோ கைநாட்டோ போதும். அதை இன்றே எழுதி வையுங்கள். மையத்து வாசலில் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு 28 மனநோயாளிகள் எரிந்து இறந்த பிறகும் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கம்பெனி வேலைக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. பையன் ஒரு மாதிரி இருக்கிறான் என்றதும் எச்.ஆர். ராஜினாமா எழுதி வாங்கப் பார்ப்பார். எழுதிக் கொடுக்காதீர்கள். சம்பளத்தில் போதிய நாள் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் முதலில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. மனச்சிதைவு போன்ற நோய்கள் நீட்டித்த நோய்ப்படிப் பட்டியலிலேயே இருக்கின்றன. 2 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், விதிப்படி 80 சதவீதம், 2 ஆண்டு வரை. நோய்ப்படி வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு. ராஜினாமாவில் ஒரு கையெழுத்து விழுந்தால் வேலைப் பாதுகாப்பு கைநழுவிப் போகும்.

இவற்றில் பலவற்றுக்கு முதலில் கேட்பது ஒரே காகிதம், தேதி போட்ட ஓ.பி. சீட்டு. அதைச் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிடாதீர்கள். வாங்கிய அன்றே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.