விடிய விடிய படித்தால் மண்டையில் ஏறுமா?



தேர்வு அட்டவணை ஒட்டியாச்சு. இனிமே நம்ம வகுப்பில் ஒரே பேச்சுதான். "நேத்து நான் ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன்." "நான் மூணு மணி!" யார் குறைவாகத் தூங்கினாரோ அவர்தான் பெரிய படிப்பாளி என்று ஆகிவிட்டது. தூக்கத்தை விரட்ட டீ மேல் டீ குடிக்கிறோம். சில பையன்கள் உதட்டுக்குள் புகையிலை வைக்கவும் பழகுகிறார்கள். இதெல்லாம் மார்க் வாங்கித் தருமா? விழிப்பு, கவனம், தூக்கம், போதை ஆகிய நான்கையும் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

விழிப்பு ஒரு சுவிட்ச் அல்ல

என் மாமா விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் ராத்திரி வேலை பார்க்கிறவர். சூளைக்குள் சூடு 1200 டிகிரி வரை ஏறும். பக்கத்தில் இருப்பவர் கண்ணயரக் கூடாது. "தூக்கம் வராதா மாமா?" என்று கேட்டேன். "மூணு மணிக்கு மேல கண்ணு தொறந்துதான் இருக்கும் பாப்பா. ஆனா ஆளு உள்ள இருக்காது" என்றார்.

மாமா சொன்னது அறிவியல்படி சரி. விழிப்பு என்பது லைட் சுவிட்ச் போலப் போட்டால் எரிந்து, அணைத்தால் அணைவது இல்லை. ஃபேன் ரெகுலேட்டர் போல ஏறி இறங்கும். அதைத் திருகுவது நம் மூளைக்குள் இருக்கும் கடிகாரம். பின்னிரவில், விடிவதற்கு முந்திய சில மணி நேரம், நம் உடல் சூடும் விழிப்பும் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்தால் கண் வரிகளின் மேல் போகும், மனசு போகாது.

மதுரையில் கடிகாரம் இல்லாத அறை

இந்த உடல் கடிகாரத்தைப் பற்றி நம் தமிழ்நாட்டிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் (1937–2009) தலைமையில் ஒரு தனிமை அறை இருந்தது. உள்ளே சூரிய வெளிச்சம் வராது. கடிகாரம், ரேடியோ, செய்தித்தாள் எதுவும் கிடையாது. தாமாக முன்வந்தவர்கள் அதற்குள் நாள்கணக்கில் தங்கினார்கள். தூக்கம் வந்தால் தூங்கலாம், விழித்தால் எழலாம்.

நேரமே தெரியாவிட்டால் தூக்கம் தாறுமாறாகிவிடும் என்றுதானே நினைப்போம்? அப்படி ஆகவில்லை. அவர்கள் உடலே ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டது. ஆனால் அந்த 'நாள்' 24 மணி நேரத்தைவிட நீண்டது. சிலருக்குத் தூக்கம் ஒரு கணக்கிலும் உடல் சூடு வேறு கணக்கிலும் ஓடியது. 1990களில் இந்த ஆய்வுக் கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வந்தன. 

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? கடிகாரம் நமக்குள்ளேயே இருக்கிறது. தினமும் அதற்கு நேரம் திருத்தி வைப்பது வெளிச்சம். ராத்திரி போர்வைக்குள் செல்போன் பார்த்தால் அந்தக் கடிகாரத்துக்கு "இன்னும் பொழுது சாயவில்லை" என்று பொய் சொல்கிறோம்.

கவனம் என்னும் டார்ச் லைட்

1999-இல் அமெரிக்காவில் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு வீடியோவில் சிலர் பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தடவை போட்டார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து நெஞ்சில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை!

கவனம் இருட்டில் பிடிக்கும் டார்ச் மாதிரி. வெளிச்சம் விழும் இடம் மட்டும்தான் நமக்கு 'இருக்கிறது'. டி.வி. ஓடும் வீட்டில் படித்தால், டி.வி.யோ பாடமோ ஒன்றுதான் கொரில்லா ஆகும். எது ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தூக்கம் கெட்டவனிடம் இருப்பது பேட்டரி தீர்ந்த டார்ச்.

தூங்கும்போது மூளை சும்மா இருக்கிறதா?

இல்லவே இல்லை. சிகாகோவில் 1953-இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் தூங்குகிறவர்களின் கண்கள் இமைக்குள் வேகமாக அசைவதைப் பற்றி எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. ஆழ்ந்த தூக்கமும் இந்தக் கனவுத் தூக்கமும் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வரும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியற்காலையில் கனவுத் தூக்கம் அதிகம். படித்தது மனதில் படிவதற்கு இரண்டும் உதவுகின்றன.

1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியபோது, விழித்திருந்ததைவிடக் குறைவாகவே மறந்தார்கள்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், பொம்மையைச் சூளையில் சுட்டதும் உடனே வெளியே எடுக்க முடியாது. மெதுவாக ஆறினால்தான் விரிசல் விடாமல் உறுதியாகும். ஆறும் நேரத்தையும் வேலை நேரத்தில்தான் சேர்க்கிறார்கள். படிப்புக்கும் அப்படித்தான், தூக்கமும் படிப்பு நேரம்.

டீ, புகையிலை, சாராயம்

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். "போதும், படு" என்று சொல்வது அதுதான். டீ, காபியில் உள்ள காஃபீன் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோர்வு போகவில்லை, சோர்வுச் செய்திதான் மறைக்கப்படுகிறது. குடித்த காஃபீனில் பாதி குறையவே பொதுவாக 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 8 மணி டீ, 1 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்!

புகையிலையில் உள்ள நிகோட்டின் கொஞ்ச நேரம் சுறுசுறுப்பு தருவது போல இருக்கும். பழகிய பிறகு அது இல்லாவிட்டால் கவனம் சிதறும், எரிச்சல் வரும். மறுபடி போட்டதும் சரியாகும். 'இதைப் போட்டால்தான் படிப்பு ஓடுது' என்பான். அந்தக் குறையை உண்டாக்கியதே அதுதான் என்று அவனுக்குத் தெரியாது. வாய்ப் புற்றுநோய் தனி.

சாராயம் தூங்க வைக்கும் என்கிறார்கள். சீக்கிரம் சாய்க்கும், உண்மைதான். ஆனால் கனவுத் தூக்கத்தைக் குறைத்து, பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்தாலோ அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும், உயிரையும் எடுக்கும். 2024 ஜூனில் நம் பக்கத்து மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. அந்தச் சாவு 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

உங்களுக்குத் தெரியுமா?

★ நம் நாட்டில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் 50 மி.கி. அளவுக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. காலை 5 மணிக்கு எழுந்தவர், ராத்திரி 10 மணிக்குக் குடிக்காமலே 'குடித்தவர்'!

★ 'அமுக்குவான் பேய்' அமுக்கியது என்று பாட்டிகள் சொல்வார்கள். கனவுத் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போடும். அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். சற்று நேரத்தில் தானே சரியாகும். தூக்கம் கெட்டவர்களுக்கு இது அதிகம் வரும். பயப்பட வேண்டாம், பேய் கிடையாது.

என்ன செய்யலாம்?

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. கடினமான பாடத்தை மாலையில் படித்து, படுக்கும் முன் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு டீ வேண்டாம். செல்போனை வேறு அறையில் வையுங்கள். தேர்வுக்கு முந்தைய ராத்திரி புதுப் பாடத்தைத் தொடாதீர்கள். புகையிலையில் மாட்டிக்கொண்ட நண்பன் இருந்தால் கேலி செய்யாமல், நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். "நைட்டு எத்தனை மணி வரைக்கும் படிச்சே?" என்று எங்களைக் கேட்கிறீர்கள். இனிமேல் "எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள் ஐயா, அம்மா.

— 11-ஆம் வகுப்பு மாணவி, நல்லூர்