பனங்கையும் ஆளிவிதை எண்ணெயும்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே பனைமரம் இருக்கிறது. ஆனால் பனமரத்துப்பட்டியில் பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறவர்கள் முதலில் விற்றுத் தள்ளுவது பனங்கையைத்தான். நாங்களும் அப்படியே செய்தோம். தகப்பனார் காலத்து வீட்டின் முன்பாதியை இடித்தபோது விட்டம், பனங்கை எல்லாம் பழைய மர வியாபாரியின் லாரியில் ஏறிப் போயின. என்ன விலைக்குக் கொடுத்தோம் என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் சொந்தச் சரக்கை எடை பார்க்காமல் கொடுத்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

புது வீடு கட்டி முடிந்ததும், கூடத்துச் சுவருக்கு மரவேலை வேண்டுமென்று மகனும் மருமகளும் கேட்டார்கள். சேலத்தில் போய்ப் பார்த்தோம். காட்டியதில் பாதி, தேக்கின் ரேகையை அச்சடித்து பிளைவுட்டின் மேல் ஒட்டிய மைக்கா ஷீட். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கை வைத்தால் மரம் என்று தோன்றவில்லை. அசல் தேக்கின் விலையோ மலைக்க வைத்தது. செட்டிநாட்டு வீடுகளில் தூண் தூணாக நிறுத்தியிருக்கிற பர்மா தேக்கெல்லாம் அந்தக் காலத்துச் சங்கதி. உருட்டு மரமாகத் தேக்கை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே மியான்மர் அரசு 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

அப்போதுதான் எங்கள் ஆசாரி பின்கட்டைக் காட்டினார். "அதையும் லாரிக்காரனுக்குக் குடுத்துறாதீங்க மொதலாளி. இது இரும்புங்க" என்றார்.

பனைக்கு மற்ற மரங்களைப் போல வருட வளையம் கிடையாது. உள்சோறு மெத்தென்றிருக்கும். வெளிச்சுற்றில் சில அங்குலம்தான் வைரம். அதில் கருப்பு நார்கள் நெருங்கி ஓடும். இழைத்துப் பார்த்தால் கருப்பும் பழுப்புமாகக் கோடு கோடாகத் தெரியும். இளம் மரத்தில் இந்த வைரம் இராது. பச்சைப் பனையை வெட்டிக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. ஆகவே இடிக்கிற வீட்டில் இருக்கிற பனங்கைதான் நமக்குக் கிடைக்கக்கூடிய சரக்கு. பல வருடம் கூரையில் காய்ந்த மரம் என்பதால் இனிச் சுருங்குமோ, வளையுமோ என்ற பயமும் குறைவு.

வேலை வாங்குவதுதான் கஷ்டம். ரம்பப்பல் மழுங்கும், சிலாம்பு கையில் ஏறும். ஆணி அடித்தால் பிளக்கும் என்பதால் துளை போட்டு ஸ்குரூ முடுக்கினார் ஆசாரி. கூடத்தில் ஒரே ஒரு சுவருக்கும், கடையில் கல்லாவின் முகப்புக்கும் மட்டும் போட்டோம். நான்கு சுவரும் மரம் என்றால் பகலிலும் விளக்கு வேண்டும். சுவரோடு ஒட்டாமல் ரீப்பர் அடித்துக் காற்றுக்கு இடம் விட்டு, தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்த்திப் பொருத்தினோம். ஈரமும் கரையானும் கீழிருந்துதான் ஏறும்.

அடுத்தது மெருகு. இது எண்ணெய் விற்கிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய சமாச்சாரம். கடலை எண்ணெய் தடவினால் அன்றைக்கு மினுமினுக்கும், ஆனால் காயாது. பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் அப்படியல்ல. காற்றுப் பட்டுக் கெட்டியாகி மரத்தின் மேல் ஏடு கட்டும். பெயிண்ட் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு மருந்து சேர்த்திருப்பார்கள், தின்பண்டம் படும் பலகைக்கு அது ஆகாது. அரக்கு பாலிஷ் இன்னும் பளபளக்கும். ஆனால் சூடான டீ டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழுந்துவிடும். கல்லா மேல் டம்ளர் வைக்காத கடை நம் ஊரில் எது?

இந்த ஆளிவிதை எண்ணெயால்தான் நாங்கள் ஒரு ராத்திரி கதிகலங்கினோம். வேலை முடிந்த சாயங்காலம், எண்ணெய் துடைத்த துணிகளை எல்லாம் சுருட்டி ஒரு காலிச் சாக்கில் திணித்து, குடோனில் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனான் பையன். இரவு பத்து மணிக்குத் தம்பி மகன் ஓடி வந்தான், "பெரியப்பா, குடோன்ல நெடி தாங்க முடியல." கதவைத் திறந்தால் புகை, அதிலும் மிளகாய்ப் புகை. ஆளுக்கொரு ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு அணைத்தோம். இரண்டு மூட்டை மிளகாயும் ஒரு கட்டு சாக்கும் போயின. கரண்ட் கோளாறு என்றே நினைத்தோம். எலக்ட்ரீஷியன் பார்த்தார், ஒயரில் ஒரு குறையும் இல்லை. துணி வைத்த சாக்கு உள்ளிருந்து வெளியே எரிந்திருந்தது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். விரித்துப் போட்ட துணியில் சூடு போய்விடும். சுருட்டி அடைத்தால் போக வழியின்றி ஏறி ஏறித் தானாகவே பற்றிக்கொள்ளும். தீக்குச்சியே வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் துடைத்த துணியை வெளியில் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறோம், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வைக்கிறோம். பாலிஷ் வாடை நீங்கும்வரை டீத்தூள் பெட்டிகளையும் கடைக்குள் கொண்டுவரவில்லை. எந்த வாடையையும் டீத்தூள் இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும்.

வேலைக்குப் போக எட்டுப் பனங்கை மிச்சம். கொல்லையில் செங்கல் மேல் அடுக்கி, ஷீட் போட்டு மூடியிருக்கிறோம். லாரிக்காரர் இரண்டு தடவை வந்து விலை கேட்டுப் போனார்.