பவளத்துக்கு ஒரு பாலிசி

மெக்ஸிகோவின் கரீபியக் கடற்கரைக்குப் பயணிகளை இழுப்பது கடலடி உலகம். அந்த உலகத்துக்கு இப்போது வைத்தியமும் நடக்கிறது, காப்பீடும் எடுக்கப்படுகிறது.

காலை எட்டு மணிக்கெல்லாம் கான்குன் நகரின் படகுத்துறைகள் களைகட்டிவிடுகின்றன. ஹோட்டல் வேன்களிலிருந்து இறங்கும் பயணிகளுக்கு முகமூடி, மூச்சுக்குழாய், காலில் மாட்டும் துடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் அளவு பார்த்துத் தரப்படுகின்றன. சிறிது நேரப் படகுப் பயணம். பிறகு முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்தால் போதும். மஞ்சளும் நீலமுமாக மீன் கூட்டங்கள், மான்கொம்பு போலக் கிளைத்த பவளங்கள், மூளையின் மடிப்புகளைச் செதுக்கி வைத்தது போன்ற பாறைகள், சாவகாசமாக நீந்திப் போகும் கடலாமை. மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிடலாம்.

இந்தியர்களுக்குக் கான்குன் புதிய பெயரல்ல. 1981இல் பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய உச்சி மாநாட்டுக்கு இந்திரா காந்தி வந்தது இங்கேதான். உலக வர்த்தக அமைப்பின் பேச்சுவார்த்தை 2003இல் முறிந்துபோனதும், 2010இல் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்ததும் இதே ஊரில். ஆனால் மாநாட்டு மண்டபங்கள் வருவதற்கு முன்பே இந்த ஊரை உருவாக்கியது சுற்றுலா. 1970 வாக்கில் மெக்ஸிகோ அரசு வேலையைத் தொடங்கியபோது, '7' என்ற எண் வடிவில் நீண்டு கிடந்த அந்த மணல் தீவில் இருந்தவர்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்ட ஒரு சிலர்தான். அந்நியச் செலாவணி ஈட்ட ஒரு நகரம் தேவை என்று முடிவெடுத்து, மத்திய வங்கியின் திட்டப்படி கட்டப்பட்ட ஊர் இது. முதல் ஹோட்டல்கள் 1974இல் திறந்தன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 9 லட்சத்தை நெருங்கியது. 2023இல் கான்குன் விமான நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் 3 கோடிக்கும் மேல்.

இத்தனை பேரையும் இழுக்கும் காந்தம் கரையை ஒட்டிக் கிடக்கிறது. யுகடான் தீபகற்பத்தின் வடமுனையில் தொடங்கி, பெலீஸ், குவாட்டமாலா வழியாக ஹோண்டுராஸ் வரை சுமார் 1,000 கி.மீ. நீளும் மீஸோ-அமெரிக்கப் பவளத்திட்டுதான் அது. ஆஸ்திரேலியாவின் பெருந்திட்டுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய தடுப்புத் திட்டு.

அதைப் பார்க்க இரண்டு வழிகள். மூச்சுக்குழாயுடன் மேலே மிதந்தபடி பார்ப்பது ஸ்நார்கெலிங். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவது ஸ்கூபா. ஸ்நார்கெலிங்குக்குக் கான்குனும், அதன் தெற்கே இருக்கும் மீனவ ஊரான புவெர்டோ மொரெலோஸும், ஆமைகளுக்குப் பேர்போன அகுமால் விரிகுடாவும் போதும். ஸ்கூபாக்காரர்கள் தேடிப் போவது கொசுமெல் தீவை. ப்ளாயா டெல் கார்மென் துறையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். அங்கே தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் ஆளை ஏந்திக்கொண்டு போகும். துடுப்பை அசைக்கக்கூட வேண்டியதில்லை. செங்குத்தான பவளச் சுவரை ஒட்டி மிதந்தபடியே போகலாம். படகு மேலே பின்தொடர்ந்து வந்து, எழும்பும் இடத்தில் ஏற்றிக்கொள்ளும். பாறை இடுக்குகளில் பதுங்கியிருக்கும், மஞ்சள் விளிம்பு வைத்த வரிவரியான தேரைமீனை இந்தத் தீவுப் பகுதிக்கே உரியது என்கிறார்கள்.

இதுவரை கடலில் இறங்காதவர்களுக்கும் ஹோட்டல் நீச்சல்குளத்தில் சிறிது நேரம் பாடம் நடத்தி, பயிற்சியாளரின் துணையோடு அன்றே கடலில் இறக்கிவிடுகிறார்கள். சுலபமாகத் தெரிகிறது. ஆனால் கடலடியின் கணக்கு வேறு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் உடல் மீதான அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அந்த ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வர வர விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால் நுரையீரலே கிழிந்துபோகலாம். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். அவசரமாக மேலே வந்தால் அது குமிழ்களாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். இந்தக் காரணத்தால்தான் விமானம் ஏறுவதற்கு முந்தைய 18 மணி நேரத்தில் கடலில் இறங்கக் கூடாது என்பது பொது விதி. நான்கு நாள் விடுமுறையில் கடைசி நாளை மூழ்கலுக்கு ஒதுக்குவது பலர் செய்யும் தவறு. அன்றைக்குத் தரையில் பார்க்கவேண்டியதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பவளத்திட்டு வெறும் காட்சிப் பொருளாக இருந்திருந்தால் அதன் கதை டூரிஸ்ட் புத்தகத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஹோட்டல்கள் நிற்பதே அதன் தயவில்தான். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு கட்டுரை, பவளத்திட்டுகள் அலைகளின் வேகச் சக்தியில் சராசரியாக 97 சதவீதத்தைக் கரைக்கு வெளியிலேயே உறிஞ்சிவிடுகின்றன என்று கணக்கிட்டது. சுவர் தாழ்ந்தால் அலை உள்ளே வரும்.

இயற்கையிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது கான்குனுக்கு உறைத்தது 2005 அக்டோபரில். வில்மா புயல் கொசுமெல், கான்குன் பகுதியை விட்டு நகராமல் நின்று அடித்தது. ஓய்ந்தபோது பல ஹோட்டல்களின் முன்னால் மணல் இல்லை, பாறைதான் இருந்தது. கடலடி மணலைக் கப்பல்களால் உறிஞ்சி வந்து கொட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே மறுபடியும் கொட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பாடத்தின் பலன்தான் பாலிசி. கான்குன் அடங்கிய கின்டானா ரோ மாநில அரசு, 2018இல் கடற்கரைக்கென ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியது. சுற்றுச்சூழல் அமைப்பான நேச்சர் கன்சர்வன்சியும் காப்பீட்டு நிறுவனமான ஸ்விஸ் ரீயும் திட்டம் வகுக்க உதவின. 2019இல் சுமார் 160 கி.மீ. நீளக் கரைப் பகுதிக்குப் பாலிசி எடுக்கப்பட்டது. உலகில் ஒரு பவளத்திட்டுக்காக எடுக்கப்பட்ட முதல் காப்பீடு இது. விதி எளிமையானது: குறிப்பிட்ட எல்லைக்குள் காற்று 100 நாட், அதாவது மணிக்குச் சுமார் 185 கி.மீ. வேகத்தை எட்டினால் பணம் வரும். சர்வேயர் வந்து சேதம் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடைந்த பவளத்தை உடனே எடுத்து ஒட்டினால் பிழைக்கும். வாரக்கணக்கில் மணலில் உருண்டால் செத்துவிடும். அதனால்தான் இந்த அவசரம்.

சோதனை சீக்கிரமே வந்தது. 2020 அக்டோபர் 7ஆம் தேதி டெல்டா புயல் புவெர்டோ மொரெலோஸ் அருகே கரை கடந்தது. சுமார் 8.5 லட்சம் டாலர் பாலிசித் தொகை கிடைத்தது. முன்கூட்டியே பயிற்சி பெற்றிருந்த குழுக்கள் நீரில் இறங்கின. மீனவர்கள், ஸ்கூபா வழிகாட்டிகள், உள்ளூர்த் தொண்டர்கள் அடங்கிய இந்தக் குழுக்கள் கவிழ்ந்த பவளங்களை நிமிர்த்தி, ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பொறுக்கிச் சிமென்ட் கலவையால் பாறையில் ஒட்டின. வயலில் நாற்று நடுவது போன்ற பொறுமையான வேலை, மூச்சுக்காற்றை அளந்து அளந்து செய்ய வேண்டும்.

ஆனால் எல்லாச் சேதத்துக்கும் பாலிசி இல்லை. 2014இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தலைகாட்டிய பவளத் திசு நோய் 2018இல் மெக்ஸிகோ கரைக்கு வந்து சேர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களை அது தாக்குகிறது. நூறாண்டு வளர்ந்த மூளைப் பவளம் சில வாரங்களில் தோலுரிந்து வெள்ளை எலும்பாகிவிடுகிறது. கொசுமெல்லில் நிலைமை முற்றியதால் 2019 அக்டோபரில் பலன்கார் உள்ளிட்ட புகழ்பெற்ற தெற்குத் திட்டுகளைப் பூங்கா நிர்வாகம் தற்காலிகமாக மூடியது. கப்பல் கப்பலாகப் பயணிகள் வந்திறங்கும் தீவில் அது சாதாரண முடிவல்ல. அடுத்து 2023 கோடையில் கடல் கொதித்தது. வெப்பம் தாளாமல் கரீபியன் முழுவதும் பவளங்கள் வெளுத்தன.

கரையில் இன்னொரு தலைவலி. சர்காசோ எனப்படும் பழுப்பு நிறக் கடற்பாசி 2015இலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை கெட்ட நாற்றம்; தண்ணீர் கலங்கிப் பவளங்களுக்கு வெளிச்சம் போய்ச் சேராது. 2019இலிருந்து மெக்ஸிகோ கடற்படையே பாசி அள்ளும் வேலையில் இறங்கியிருக்கிறது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை இந்தத் தொல்லை. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் பருவம். தெளிந்த கடலைப் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை வருவது இதனால்தான்.

கூட்டத்தைப் பவளத்திலிருந்து விலக்க ஒரு வினோத வழியும் கண்டுபிடித்தார்கள். கான்குனுக்கும் இஸ்லா முஹேரெஸ் தீவுக்கும் இடையே 2009-10இல் கடலடி அருங்காட்சியகம் உருவானது. ஜேஸன் டிகேர்ஸ் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சிற்பி, உள்ளூர்க்காரர்களையே மாதிரியாக நிறுத்தி வார்த்த நூற்றுக்கணக்கான சிமென்ட் மனிதர்கள் அங்கே மணலில் நிற்கிறார்கள். மொத்தம் சுமார் 500 சிலைகள். இந்தச் சிமென்டில் பாசியும் பவளமும் பற்றி வளரும். ஒரு பகுதி பயணிகளாவது சிலைகளைப் பார்க்கப் போனால் அசல் பாறைகளுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கும் என்பது கணக்கு.

இந்தக் கரையின் ஒருநாள் பயணங்களிலும் இதே இழுபறிதான். மே மத்தியிலிருந்து செப்டம்பர் மத்தி வரை தீபகற்பத்தின் வடகடலில் திமிங்கிலச் சுறாக்கள் கூடுகின்றன. மீன்களிலேயே பெரியது, ஆனால் சாப்பிடுவது மிதவை உயிர்களும் மீன் முட்டைகளும்தான். 2009இல் விமானத்திலிருந்து எண்ணியபோது ஒரே இடத்தில் 420 வரை தென்பட்டன. ஒரு படகிலிருந்து ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும், வழிகாட்டியுடன் இறங்கலாம், தொடக் கூடாது, ஸ்கூபாவுக்கு அனுமதி கிடையாது. மீன் பிடித்துக்கொண்டிருந்த பலர் இன்று இந்தப் பயணங்களில்தான் பிழைக்கிறார்கள். ஆகவே விதியைக் காப்பாற்றுவது அவர்களுக்கு வயிற்றுப் பிரச்னையும்கூட.

கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுக்குப் போனால் செனோட்டே என்ற நன்னீர்க் கிணறுகள். யுகடானின் வடபகுதியில் தரைமேல் ஆறுகளே கிடையாது; மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் குகைகளில் ஓடுகிறது. கூரை இடிந்த இடங்களே இந்தக் கிணறுகள். மாயா மக்களுக்கு இவை குடிநீரும் கோயிலும். சிச்சென் இட்ஸா நகரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது: 'இட்ஸா மக்களின் கிணற்று வாய்'. 365 படிகள் கொண்ட அதன் பிரமிடில் ஏறுவதற்கு 2006 முதல் அனுமதியில்லை.

துலூம் அருகே சாக் அக்தூன், தோஸ் ஓஹோஸ் என்ற இரு நீர்க்குகைகள் ஒன்றுதான் என்று 2018இல் கண்டுபிடித்தார்கள்; அன்றைய கணக்கில் நீளம் 347 கி.மீ. இந்தக் குகைத் தொகுதியின் ஒரு பள்ளத்தில் 2007இல் கிடைத்த இளம்பெண்ணின் எலும்புக்கூடு சுமார் 13,000 ஆண்டுகள் பழையது. சாதாரண ஸ்கூபாக்காரர்கள் பகல் வெளிச்சம் எட்டும் தூரம் வரைதான் போகலாம். ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அதைத் தாண்டும் இடத்தில், மேலே போகாதே என்று எமன் உருவத்தோடு எச்சரிக்கைப் பலகை நிற்கிறது.

இந்தக் கிணறுகளும் கடலும் தனித்தனி அல்ல. சல்லடை போன்ற பாறை வழியாக நிலத்தடி நீர் கடலில் போய்த்தான் கலக்கிறது. சுத்திகரிக்காமல் விடும் கழிவுநீரும் அதே வழியில் பவளத்தைச் சென்றடைகிறது. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலுக்காகக் காட்டுக்குள் தூண்கள் இறக்கியபோது, சில குகைகளின் கூரையைத் துளைத்து இரும்பும் கான்கிரீட்டும் இறங்கியதைக் குகை ஆய்வாளர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். ஒருநாள் பயணங்களைச் சுலபமாக்க வந்த ரயில், போய்ப் பார்க்க வேண்டிய இடத்தையே உரசிக்கொண்டு போகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

அரசும் காப்பீட்டாரும் செய்ய வேண்டியது ஒருபுறமிருக்க, தண்ணீரில் இறங்குபவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. பாறைப் பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. நிற்க இடம் தேடும் ஒரு கால், பத்து வருட வளர்ச்சியை ஒரு நொடியில் நொறுக்கும். ஆகவே மிதவைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, எதையும் தொடாமல் இருப்பது, சன்ஸ்கிரீன் களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது, செனோட்டேயில் இறங்கும் முன் குளித்துவிடுவது, பூங்காக் கட்டணத்தைத் தயங்காமல் கொடுப்பது ஆகியவை ஒவ்வொரு பயணியும் கட்டும் பிரீமியம்.

புவெர்டோ மொரெலோஸ் மக்கள் இதைப் பாலிசி வருவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். கான்குனின் ஹோட்டல் வரிசை தங்கள் பக்கம் நீள்வதைப் பார்த்து, எதிரே இருந்த திட்டுக்குப் பாதுகாப்புக் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். 1998இல் அது தேசியப் பூங்காவானது. இன்று அங்கே ஸ்நார்கெலிங் போகிறவர்கள் வழிகாட்டி இல்லாமல் திட்டுக்குப் போக முடியாது. புயலுக்குப் பின் பவளத்தை ஒட்டப் போகிறவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான்.