எழுத்து மறைவதும் மொழி மறைவதும்

நெம்மேலியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னதாகச் சாளுவன்குப்பத்தில், புலிக்குகைக்கு அருகே அதிரணசண்ட மண்டபம் என்னும் சிறிய குடைவரைக் கோயில் உள்ளது. இதன் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும், எதிர்ச்சுவரில் நாகரியின் தொன்மையான வடிவத்திலும் ஒரே சமஸ்கிருதச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதிரணசண்டன் என்ற விருதுப்பெயர் கொண்ட பல்லவ மன்னன் சிவனுக்கு இக்கோயிலை எடுப்பித்தான் என்பது அவற்றின் சாரம்; இவ்விருதைக் கொண்டவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மன் என்பது அறிஞர் பலரின் முடிவு.

இரு எழுத்துகளும் அசோகர் காலத்துப் பிராமியிலிருந்து கிளைத்தவையே ஆயினும், பிராமியில் கூட்டல் குறிபோல் இருந்த ககரத்தின் நெடுங்கோடு, பல்லவ கிரந்தத்தில் அடியில் வளைந்து மீண்டும் மேலேற, வடக்கே அக்கோடு நேராகவே நின்றதால், காலப்போக்கில் ஒன்றைப் பயின்றவர் மற்றதைப் படிக்க இயலாத அளவுக்கு அவை விலகின. பிற்காலத்தில் பல்லவர் கால வடிவங்களைப் படிப்போரும் அருகினர். சென்னையில் கம்பெனி ஆட்சியின் குடிமைப் பணியில் இருந்த பெஞ்சமின் பாபிங்டன், மாமல்லபுரக் கல்வெட்டுகளைப் படித்து எழுதிய கட்டுரை 1830-இல் வெளிவந்தது. ஜேம்ஸ் பிரின்செப் பிராமியைப் படித்தறிந்த 1837-க்கு இது முந்தியது. கிரந்தத்தின் பிற்கால வடிவம் ஓலைச்சுவடிகளில் வழங்கியதும், சமஸ்கிருதம் கற்றறிந்த மொழியாக நிலைத்திருந்ததும் அவ்வெழுத்தை மீட்க உதவின.

எழுத்து மறைவதும் மொழி மறைவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதற்கு, இதற்கு நேர்மாறான நிலையில் அமைந்த சான்று, இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் சார்டிஸைத் தலைநகராகக் கொண்டு விளங்கிய லிடியா. உலகின் மிகப் பழைய நாணயங்களை வெளியிட்ட நாடாகக் கருதப்படும் லிடியா, கி.மு. ஆறாம் நூற்றாண்டில், குரோசஸ் மன்னன் காலத்தில், பாரசீகரிடம் வீழ்ந்தது. அதன் மொழி, ஹிட்டைட், லூவியன், லிசியன், காரியன் ஆகியவற்றோடு இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் அனத்தோலியக் கிளையைச் சேர்ந்தது. இக்கிளையின் மொழிகள் அனைத்துமே வழக்கிழந்துவிட்டன. பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்ட லிடிய எழுத்துகள் இருபத்தாறு. அவற்றுள் பல கிரேக்க எழுத்துகளை ஒத்திருந்தமையால் ஒலிகளை ஓரளவு அறிய முடிந்ததே தவிர, பொருளை உணர முடியவில்லை.

இந்நிலையை மாற்றியது, 1910 முதல் 1914 வரை நடந்த அமெரிக்க அகழாய்வில் சார்டிஸில் கிடைத்து, 1916-இல் என்னோ லிட்மன் ஆராய்ந்து வெளியிட்ட இருமொழிக் கல்வெட்டாகும். பாரசீக ஆட்சியின் அலுவல் மொழியாக இருந்து, அறிஞர்களுக்கு நன்கு தெரிந்திருந்த அரமேயத்திலும் லிடியத்திலும் அமைந்த அக்கல்வெட்டு, ஒரு கல்லறையைச் சிதைப்போரை ஆர்தெமிஸ் தெய்வம் தண்டிக்கட்டும் என்று சபிக்கிறது. தமிழகக் கல்வெட்டுகளின் ஓம்படைக்கிளவி, அதாவது அறத்தைக் காக்க வேண்டி இறுதியில் இடப்படும் எச்சரிக்கை, இவ்வகையினதே. சொல்லுக்குச் சொல் ஒப்பிட இக்கல்வெட்டு வழிதந்தபோதிலும், கிடைத்துள்ள லிடியப் பொறிப்புகள் நூற்றுச்சொச்சமே என்பதால் பல சொற்களுக்கு இன்றும் பொருள் துணியப்படவில்லை.

மொழி வாழ்ந்தும் எழுத்து மாறிய நிலைக்குத் தமிழே சான்றாகும். மதுரை அருகே மாங்குளம் முதலிய குன்றுகளில் உள்ள பிராமிப் பொறிப்புகளைப் பிராகிருதம் எனக் கொண்டு படித்தபோது பொருள் தெளிவுறவில்லை. அவை தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்த சிந்துவெளி நாகரிகத்திலோ எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. கிடைத்த பொறிப்புகளும் பெரும்பாலும் ஐந்தாறு குறிகளுக்கு மேல் நீள்வதில்லை. ஐராவதம் மகாதேவன் 1977-இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார்; புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. சாளுவன்குப்பத்தில் தெரிந்த மொழியும், சார்டிஸில் ஒத்த எழுத்தும் அரமேயமும் துணை நின்றதுபோல், சிந்துவெளிக்கும் தெரிந்த ஒன்று துணையாக வேண்டும் என்பதால், இருமொழிப் பொறிப்பு ஒன்று கிடைக்கும்வரை எந்த வாசிப்பையும் முடிந்த முடிபாகக் கொள்வது அரிது.