பேச்சைக் கேட்காமலே துப்பு: உளவுத் துறை எப்படிக் கண்காணிக்கிறது?

பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் உயர்ந்த சுற்றுச்சுவருக்குள் ஒரு பெரிய வீடு. வசதிக்குக் குறைவில்லை, ஆனால் தொலைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. அக்கம்பக்கத்தார் குப்பையை வெளியே போட, இந்த வீட்டார் மட்டும் உள்ளேயே எரித்தார்கள். அல்-காய்தா தலைவர் பின்லேடனின் தூதுவர் ஒருவரைப் பின்தொடர்ந்து 2010-ல் அங்கு வந்து சேர்ந்த அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்கு, அந்த மௌனமே சந்தேகத்தைக் கூட்டியது. 2011 மே 2 அன்று பின்லேடன் கொல்லப்பட்டது அந்த வீட்டில்தான்.

உளவாளி என்றதும், காதில் ஹெட்போன் மாட்டி ஒட்டுக்கேட்பவர்தான் நம் நினைவுக்கு வருவார். ஆனால் பேச்சைவிடப் பேச்சைச் சுற்றியுள்ள விவரங்களே பல நேரங்களில் அதிகம் சொல்லிவிடும். யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற இந்த விவரங்களுக்கு ‘மெட்டாடேட்டா’ என்று பெயர். பேச்சில் சங்கேதச் சொற்கள் இருக்கலாம். கேட்டுப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். அழைப்புப் பட்டியலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கோடிக்கணக்கான வரிகளையும் கணினி சலித்துவிடும்.

பழைய வித்தை

இது செல்போன் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ஒரு குழு ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை உடைக்கப் போராடியது. இன்னொரு குழு, எந்த ஜெர்மன் வானொலி நிலையம் எதனுடன் பேசுகிறது, எப்போது செய்திகள் குவிகின்றன என்று குறித்துவைத்தது. செய்தியில் ஓர் எழுத்துகூடப் புரியாதபோதும், எந்தப் படைப்பிரிவு யாருக்குக் கீழ் இயங்குகிறது என்று அதைக்கொண்டு கணிக்க முடிந்தது.

மூன்று தாவல்

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை (என்.எஸ்.ஏ.) இதே வித்தையை நாடு தழுவிச் செய்தது. வெரைசான் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு, என்.எஸ்.ஏ.வின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்டு ஸ்னோடென் மூலம் 2013 ஜூனில் வெளியானது. சந்தேகத்துக்குரிய ஓர் எண்ணில் தொடங்கி, அது தொடர்புகொண்ட எண்கள், அவை தொடர்புகொண்டவை என மூன்று தாவல்வரை அலசினார்கள். ஒவ்வொருவருக்கும் 40 தொடர்புகள் என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது தாவலில் மட்டும் 64,000 எண்கள். சந்தேக நபருக்கு இட்லி மாவு விற்ற கடைக்காரரும், அவரிடம் வாங்கும் மற்றவர்களும்கூட வலைக்குள் வந்துவிடுவார்கள்.

கிடைத்தது என்ன?

அமெரிக்காவின் தனியுரிமை, குடிமை உரிமைகள் மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. அமெரிக்காவுக்கு எதிரான அச்சுறுத்தல் குறித்த எந்தப் பயங்கரவாதத் தடுப்பு விசாரணையின் முடிவையும் இந்தத் திட்டம் மாற்றியதாக ஓர் உதாரணம்கூடக் கிடைக்கவில்லை என்றது. 2015-ல் சட்டம் திருத்தப்பட்டது. பதிவுகள் தொலைபேசி நிறுவனங்களிடமே இருக்க, குறிப்பிட்ட எண்ணுக்கு மட்டும் நீதிமன்ற அனுமதியுடன் கேட்டுப் பெறும் முறை வந்தது. அந்தத் திட்டமும் 2019-ல் நிறுத்தப்பட்டது. செலவு சுமார் 10 கோடி டாலர், அதிலிருந்து பிறந்த உளவு அறிக்கைகள் 15, அவற்றில் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு ஏற்கெனவே தெரியாத தகவலைத் தந்தவை இரண்டே இரண்டு.

நூலின் நுனி கையில் சிக்கினால் சிக்கலைப் பிரிக்கலாம். ஊரிலுள்ள நூலையெல்லாம் அள்ளிக் குவித்தால் சிக்கல்தான் பெருகும். அபோட்டாபாத் வீட்டுக்கு வழிகாட்டியது ஒரு தூதுவரின் தடம்.