சேமநிதி: வந்த வழியும் மாறிய முறையும்

தெம்பனிஸ் என்பது மரப்பெயர். சிங்கப்பூர்த் தீவின் கிழக்கே அம்மரம் மிகுந்திருந்தமையால் அவ்வட்டாரத்திற்கு அப்பெயர் வழங்கலாயிற்று என்பர். அஃது இம்மண்ணுக்கே உரிய மரம். ரப்பர் மரமோ பிறநாட்டிலிருந்து வந்தது. பிரேசில் நாட்டு வித்துகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்தடைந்தன. மரம் வந்ததே தவிர, பால் எடுக்கும் முறை அப்படியே வரவில்லை. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் வடித்தனர், மரம் புண்பட்டது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மலாயாத் தோட்டங்களில் தமிழர் பல்லாயிரவர் கைக்கொண்ட பால்வெட்டு அதிலிருந்து வளர்ந்ததே.

மரத்திற்குக் கூறிய இது சட்டத்திற்கும் பொருந்தும். ஒரு நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை மற்றொரு நாடு மேற்கொள்ளுங்கால், எதைக் கொள்வது, எதை விடுவது, எதை மாற்றுவது என்னும் வினாக்கள் எழுகின்றன. விடத் தகாததை விட்டுவிட்டால் பின்னர் அதனைத் தேடிச் செல்ல நேரும். சேமநிதியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரிட்டனில் 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்தது. அதன்வழி 1948-இல் அந்நாட்டில் தேசியக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நிலை பொதுமை. உழைப்போர் அனைவரும் ஒரு பொதுநிதிக்குப் பணம் செலுத்துவர். நோயுற்றோரும் வேலையிழந்தோரும் முதியோரும் அதிலிருந்து பெறுவர். ஒருவர் இடரைப் பலரும் சுமப்பதே காப்புறுதி.

ஆயினும், பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஏற்பட்டது வேறொரு முறை. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் தொகை, அத்தொழிலாளியின் பெயரிலேயே தனிக்கணக்காகச் சேரும். வேலையிலிருந்து ஓய்வு பெறுங்கால் வட்டியுடன் அவர் கைக்கு வரும். இதுவே சேமநிதி. இதில் அரசாங்கக் கருவூலத்திற்குச் சுமை குறைவு. மேலும், அந்நாளில் தொழிலாளர் பலர் தாயகம் திரும்பும் எண்ணத்துடன் வாழ்ந்தவர்கள். மொத்தமாகப் பணம் பெற்றுக் கப்பலேறுவது அவர்களுக்கும் ஏற்புடையதாக இருந்தது.

மலாயாவில் 1951-இலும், சிங்கப்பூரில் 1955 ஜூலை முதல் நாளிலும் இம்முறை தொடங்கிற்று. இந்தியாவில் 1952-ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையில் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய நிதிகளை நிறுவின. தமிழாசிரியர்கள் ஈண்டு ஒன்று நோக்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இது ‘சேமநிதி’. தமிழ்நாட்டில் ‘வருங்கால வைப்பு நிதி’. இலங்கையில் ‘ஊழியர் சேமலாப நிதி’. பெயர் மூன்றாயினும் அடிப்படை ஒன்றே.

அவ்வடிப்படையில் இரு குறைகள் உண்டு. சிங்கப்பூரில் தொடக்கத்தில் தொழிலாளி நூற்றுக்கு ஐந்தும் முதலாளி ஐந்தும் செலுத்தினர். குறைந்த ஊதியம் பெற்றவர்க்குக் குறைவாகவே சேரும். மிகுந்த ஊதியம் பெற்றவர்க்கு மிகுதியாகச் சேரும். இளமையில் ஏழையாக இருந்தவர் முதுமையிலும் ஏழையாகவே இருப்பார். இது முதற்குறை. கைக்கு வந்த பணம் தீர்ந்த பின்னும் ஆயுள் நீளுமாயின் என் செய்வது? இஃது இரண்டாவது குறை. 55 வயதில் பணம் பெற்றவர் 80 வயதைக் கடந்து வாழும் காலம் வந்தபோது இக்குறை பெரிதாயிற்று.

சிங்கப்பூர் இந்நிதியைப் பலவாறு திருத்தியது. 1968 முதல் வீவக வீடு வாங்கவும் சேமிப்பைப் பயன்படுத்தலாம் என்றாயிற்று. 1980-களில் எழுந்த தெம்பனிஸ் புதுநகரின் அடுக்குமாடி வீடுகளுள் பல இப்பணத்தால் வாங்கப்பெற்றவையே. பத்து விழுக்காடாக இருந்த மொத்தச் சந்தா இன்று 55 வயது வரையுள்ளோர்க்கு 37 விழுக்காடு. 1984-இல் மருத்துவச் செலவிற்கெனத் தனிக்கணக்கு பிரிக்கப்பட்டது. 1987 முதல் ஒரு பகுதியை 55 வயதில் எடுக்காமல் நிறுத்திவைத்து, பின்னர் மாதந்தோறும் வழங்கினர். அதுவும் ஒருநாள் தீர்ந்துபோகும். ஆகவே 2009-இல் வாழ்நாள் முழுதும் மாதப்பணம் தரும் திட்டம் வந்தது. இதில் உறுப்பினர் பலரின் பணம் பொதுவில் திரட்டப்பெற்று, நெடுநாள் வாழ்வோர்க்கும் இறுதிவரை தொகை கிடைக்க வழி செய்யப்பட்டது. 1955-இல் விட்டுவிட்ட பொதுமை 54 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது எனலாம். இந்தியாவும் 1995-இல் வைப்பு நிதியுடன் ஓய்வூதியத் திட்டம் ஒன்றை இணைத்தது.

முதற்குறைக்கு மருந்து அமெரிக்காவிலிருந்து கொள்ளப்பட்டது. அங்கே 1975 முதல், உழைத்தும் வருமானம் குறைந்தோர்க்கு வருமானவரிக் கணக்கின் வழியாக அரசு உதவித்தொகை தருகிறது. சிங்கப்பூரில் குறைந்த ஊதியம் பெறுவோர் பெரும்பாலும் வருமானவரி செலுத்துவதில்லை. எனவே அவ்வழி இங்குப் பயன்படாது. ஆனால் அவர்தம் ஊதியத்தை மாதந்தோறும் காட்டும் ஏடு ஒன்று முன்னரே இருந்தது. அதுவே சேமநிதிக் கணக்கு. 2007-இல் தொடங்கிய வேலைநலன் வருமானத் துணைத் திட்டம் அக்கணக்கைக் கொண்டே தகுதியுடையோரை அறிந்து, ஒரு பகுதியைக் கையிலும் மறுபகுதியைச் சேமநிதியிலும் சேர்க்கிறது. அமெரிக்கத் திட்டம் குழந்தையுள்ள குடும்பத்திற்கு மிகுதியாகத் தருகிறது; இத்திட்டமோ வயது மிகுந்த தொழிலாளர்க்கு மிகுதியாகத் தருகிறது. கருத்தைக் கொண்டு வழியை மாற்றியமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எனினும் மூன்றாவதாக ஒரு குறை எஞ்சி நிற்கிறது. சிங்கப்பூர்ச் சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதி பெற்று வந்து, தெம்பனிஸில் மாடிவீடு கட்டும் தொழிலாளிக்கு அதில் கணக்கில்லை. வேலையில் காயமுற்றால் இழப்பீடு பெறச் சட்டம் அவருக்கும் துணை நிற்கிறது; முதுமைக்கு அத்தகைய துணை இல்லை. இங்கு உழைக்கும் ஆண்டுகளில் ஊரில் அவர் பெயரில் வைப்பு நிதியும் வளர்வதில்லை. தாயகம் திரும்பும் தொழிலாளி பணத்துடன் திரும்ப உதவிய நிதி, இன்று தாயகம் திரும்புவோரையே புறத்தே நிறுத்தியிருக்கிறது.

பிறநாட்டுத் திட்டத்தைக் கொள்வோர் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு: எந்த இடரைத் தீர்க்கிறது? எவ்வழியாக மக்களை அடைகிறது? காலம் மாறினால் தானும் மாறுமா? யாரை விட்டுவிடுகிறது? முதல் மூன்றுக்கும் அரை நூற்றாண்டு அனுபவம் விடை தந்திருக்கிறது. நான்காவது வினா இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.